செல்வியின் தோளில் ஒரு கை

கேமராவை மேசைமேல் வைத்தவள் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என் கண்ணு முன்னாலதான் தொறக்கணும். உள்ள எடுத்துகினு போவக் கூடாது" என்றாள்.

உள்ளே எடுத்துக்கொண்டு போக எனக்கு வேறு அறையே கிடையாது. ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை அது. கீழே கயிறு, கொக்கி, படகுக்கு அடிக்கும் பெயிண்ட் என்று என் கணவரின் வியாபாரம். மேலே நான் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுது பார்க்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஐஸ் லாரிகள் தெரியும். மூடினாலும் கருவாட்டு வாடை வரும்.

மழை விட்டிருந்த ஒரு முற்பகல். ஈரக்குடையை மடித்துக் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு, ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள்.

பெயர் கோகிலா. புளியந்தோப்பில் வாரியக் குடியிருப்பு. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. முப்பது வயதை ஒட்டி இருக்கும். புதிய ஆள் இல்லை. சில மாதங்களுக்கு முன் இதே கேமராவை, ஷட்டர் ஒட்டிக்கொள்கிறது என்று கொண்டுவந்து சரிசெய்து போயிருந்தாள்.

"நீ சர்வீஸ் பண்ணதுக்கு அப்பாலதான்க்கா இப்டி ஆயிட்ச்சு. உள்ள இருந்த ஒரிஜினல் சாமான் எதுனா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்து ஸ்குரூ ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி.

"அடையாளமா?"

"ஆமா" என்றாள், கொஞ்சமும் கூச்சப்படாமல். "போன தபா வெக்காம உட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே கொஞ்சம் மரியாதையும் வந்தது.

ஏறிக் கிடந்த படங்கள்

அது பழைய கிழக்கு ஜெர்மனி கேமரா. செங்கல் மாதிரி கனக்கும். அகலமான ஃபிலிம் சுருள் போட வேண்டும், ஒரு சுருளில் பன்னிரண்டு படம். இப்போது இளவட்டங்களுக்கு இந்த மாதிரி கேமராக்கள் மேல் மறுபடி பைத்தியம் பிடித்திருக்கிறது என்று இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். என் பிழைப்பு ஓடுவது அதனால்தான்.

கோகிலா பையிலிருந்து நெகட்டிவை எடுத்து நீட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஒரு சின்ன வெற்றிடம் இருக்க வேண்டும். சுருள் முழுக்க அது ஒரே அளவாக இருக்க வேண்டும். இவளுடைய சுருளில் ஓரிடத்தில் இடைவெளி கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தது. இன்னோரிடத்தில் இடைவெளியே இல்லை. ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்தின் மேல் ஏறிக் கிடந்தது.

"இது ஃபிலிம் ஓட்டத்துல வர்ற கோளாறு. ஷட்டருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றேன்.

"நீ அப்டித்தான் சொல்லுவ" என்றாள்.

பிறகு போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் அவள் ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று புரிய ஆரம்பித்தது.

வாசலில் நின்றவர்கள்

கோகிலா குடியிருந்த பிளாக்கை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். எல்லாரும் காலி செய்ய வேண்டும். போவதற்குள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டுக்காரரை நிற்க வைத்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பிறந்து வளர்ந்த இடம் இல்லையா.

ஆரம்பத்தில் யாரும் நம்பவில்லை. "யாருக்குக் கணக்குக் குடுக்குற?" என்று கேட்டார்கள். புது வீடு ஒதுக்கும்போது பேரை வெட்டுவதற்காக ஆள் எடுக்கிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. சிலர் அவளைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கெஞ்சிக் கூத்தாடித்தான் ஒரு மாடி முழுக்க எடுத்து முடித்தாள்.

ஆளை ஓரமாக நிறுத்துவது அவள் வழக்கம். அப்போதுதான் கதவும், உள்ளே இருக்கிற டிவியும், புத்தர் படமும், பாத்திர ஸ்டாண்டும் தெரியும். பாபு என்கிற லோடுமேன் தன் வாசலில் வலது ஓரமாக, நடைபாதைக் கம்பியைப் பிடித்தபடி கையை நீட்டி நின்றான். அடுத்த வீடு செல்வியுடையது. அவள் இடது ஓரமாகக் கதவில் சாய்ந்து நின்றாள். இரண்டும் சுருளில் அடுத்தடுத்த படங்கள்.

ஃபிலிம் கழுவிய லேபில் படங்களை ஸ்கேன் செய்து, தனித்தனியாக வெட்டி போனுக்கு அனுப்பினார்கள். இந்த இரண்டை மட்டும் வெட்ட முடியவில்லை. ஒரே நீளப் படமாக அனுப்பிவிட்டார்கள். கோகிலா வேலைக்குப் போகிற அவசரத்தில் எதையும் பார்க்காமல் அத்தனையையும் பிளாக்கின் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டாள்.

அந்தப் படத்தில் செல்வியின் தோளில் பாபுவின் கை இருந்தது.

செல்வியின் கணவன் சேகர் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான். எண்ணூர் ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது போன் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அங்கேதான் பார்த்திருக்கிறான். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த செல்வியின் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து, "இது யாரு கை?" என்று கேட்டிருக்கிறான்.

தான் தனியாகத்தான் நின்றதாக செல்வி சொன்னாள். கோகிலாவும் போய்ச் சொன்னாள். கேமரா கோளாறு என்று நெகட்டிவையே காட்டினாள். அதுதான் பெரிய தப்பாகிவிட்டது. "மத்த வூட்டுப் படமெல்லாம் தனித்தனியாத்தானே கீது? இது மட்டும் எப்படி சேரும்? நெகட்டிவ்லயே கை கீதே" என்றான்.

அன்றிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடுவதில்லை. படுக்கை டிரெய்லர் கேபினில். வீடு காலி செய்யும்போது பெண் பிள்ளைகள் இரண்டையும் திருவொற்றியூரில் தன் அம்மாவிடம் விடப் போவதாகவும், செல்வி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றும் சொல்லிவிட்டானாம்.

நான் பூதக்கண்ணாடியை வைத்து அந்த இடத்தைப் பார்த்தேன். விரல்கள் தோளைப் பற்றியதுபோலவே வளைந்திருந்தன. கம்பியைப் பிடித்த விரல்கள் அப்படித்தான் வளையும். அது தெரிந்தும் இரண்டாம் முறை பார்த்தேன்.

"நீ ஒரு தபா வந்து சேகர்ண்ணாகிட்ட சொல்லுக்கா, கேமரா கோளாறுதான்னு" என்றாள் கோகிலா.

"சோதிச்சுப் பாக்காம நான் எதையும் சொல்ல மாட்டேன்."

"பாக்கறதுக்கு இன்னா கீது? படமே கீதே?"

"அதத்தானே அவரும் சொல்றாரு" என்றேன்.

இவளுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே செல்விக்கும் பாபுவுக்கும் ஏதோ இருந்து, அதை மூடிமறைக்க என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாளோ என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது.

வாசலில் நடக்கும் சோதனை

சந்தேகம் எனக்குப் புதிது இல்லை. வியாபாரக் குடும்பத்தில் பிறந்து வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் வாங்குகிற கயிற்றை அளக்காமல் உள்ளே வைக்க மாட்டார்கள். விற்கிற கயிற்றையும் மறுபடி அளப்பார்கள்.

ஆனால் சந்தேகிக்கப்படுவது என்றால் என்ன என்று நான் தெரிந்துகொண்டது திருவொற்றியூரில். கல்யாணத்துக்கு முன் அங்கே மீட்டர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். முடிபோன்ற ஸ்பிரிங்கை இடுக்கியால் எடுத்துப் பொருத்தும் வேலை. கேமராவுக்கு வேண்டிய கை அங்கே வந்ததுதான்.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது வாசலில் பெண்களைத் தனியாக நிறுத்திச் சோதிப்பார்கள். பையை, டிபன் பாக்ஸை, கொண்டையைக்கூட. ஒருமுறை ஸ்பிரிங் பெட்டி ஒன்று காணாமல் போனது. அன்று எங்கள் வரிசையில் இருந்த எல்லாரையும் ஒரு அறைக்குள் அழைத்துப்போய்ச் சோதித்தார்கள். எப்படிச் சோதித்தார்கள் என்று நான் எழுதப் போவதில்லை.

பெட்டி மேற்பார்வையாளரின் இழுப்பறைக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. கிடைத்துவிட்டது என்று யாரோ யாரிடமோ சொல்லி எங்களுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். மறுநாள் எல்லாரும் பழையபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். என் வலதுபக்கத்துப் பெண் மட்டும் அதன்பின் யாரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை.

என் ஃபிலிமும் அவள் ஃபிலிமும்

கோகிலா எதிரே உட்கார்ந்திருக்க, நெயில் பாலிஷைச் சுரண்டிவிட்டு கேமராவைத் திறந்தேன்.

இந்தக் கேமராவில் ஃபிலிம் ஓர் உருளையின்மேல் ஏறி ஓடும். ஃபிலிம் நகர்ந்தால் உருளை சுற்றும். ஒரு படத்துக்கு வேண்டிய அளவு சுற்றியதும் ஃபிலிமை நகர்த்தும் லீவர் தானாக நின்றுவிடும். உருளையில் பிசுக்கு இருந்தால் ஃபிலிம் வழுக்கும், இடைவெளி கூடும். நான் பார்த்தபோது உருளை சுத்தமாக இருந்தது. பல்சக்கரங்களில் தேய்மானம் இல்லை. போன முறை நான் வைத்த இடத்தில்தான் எல்லாம் இருந்தது. கோகிலாவும் எட்டிப் பார்த்துத் திருப்தியானாள்.

நான் சோதனைக்கு வைத்திருக்கும் புது ஃபிலிமைப் போட்டு, ஐஸ் லாரிகளையும் ஜன்னல் கம்பியையும் எடுத்துக் கழுவிப் பார்த்தேன். இடைவெளி ஒவ்வொன்றும் அச்சடித்ததுபோல் ஒரே அளவு.

பழுது பார்க்கிறவளுக்கு இது நல்ல செய்தியாக இருக்க வேண்டும். நான் நெகட்டிவைக் கிளிப்பில் மாட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.

"கேமரா சரியாத்தான் இருக்கு, கோகிலா."

"அப்ப சேகர்ண்ணா சொல்றது நெஜம்னு ஆயிடுமாக்கா?" என்றாள். "நான்தான்க்கா அவங்கள அங்க நிக்க வெச்சேன். ஒர்த்தர் ஒர்த்தராத்தான் நின்னாங்க. பாபு வேலைக்குப் போனதுக்கு அப்பாலதான் செல்வியையே கூப்ட்டேன்."

பொய் சொல்கிறவர்கள் என்னைப் பார்த்துப் பேசுவார்கள். இவள் கேமராவைப் பார்த்துப் பேசினாள். அப்போதுதான் கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தோன்றியது.

"நீ என்ன ஃபிலிம் போடுற?"

மறுநாள் எடுத்துவந்தாள். ஆன்லைனில் ஒருவன் விற்பதாம், கடை விலையில் பாதி. பளபளப்பான உறை. ஒன்றைப் பிரித்து மேசையில் உருட்டினேன். இந்த வகைச் சுருளில் ஃபிலிமுக்குப் பின்னால் கறுப்புத் தாள் ஒன்று கூடவே ஓடும். ஆரம்ப முனையில் மட்டும் ஒரு டேப் போட்டு இரண்டையும் ஒட்டியிருப்பார்கள். இதில் தாள் பழையது. ஏற்கெனவே மடித்த கோடுகள். டேப் கோணலாக, பாதி ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. யாரோ எங்கோ பழைய தாளில் வேறு ஃபிலிமைச் சுற்றி, புதிது என்று விற்கிறார்கள்.

அதே மாதிரி இன்னொரு சுருளை கேமராவில் போட்டு எடுத்துக் கழுவினேன். மூன்றாவது படம் நான்காவதின்மேல் ஏறியிருந்தது. பிறகு ஒரு பெரிய இடைவெளி. பிறகு மறுபடி ஏற்றம்.

தாள் இழுபடுகிறது, உருளையும் சுற்றுகிறது. ஆனால் டேப் சரியாகப் பிடிக்காததால் ஃபிலிம் தாளோடு சேர்ந்து வராமல் பின்தங்குகிறது, பிறகு மொத்தமாக ஓடிவந்து சேர்கிறது. சுருளை இறுக்கிப் பிடிக்க வேண்டிய தகட்டு ஸ்பிரிங்கும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. நல்ல ஃபிலிம் அதைச் சமாளித்துக்கொண்டது. இது சமாளிக்கவில்லை.

விற்றவனுக்கு கோகிலா போன் போட்டாள். "எல்லாருக்கும் நல்லாத்தான் வருது மேடம், உங்க கேமராவச் செக் பண்ணுங்க" என்றான். அடுத்த முறை எடுக்கவே இல்லை.

"இப்ப வந்து சொல்லுக்கா" என்றாள் கோகிலா.

"சொன்னா நம்ப மாட்டாரு. காட்டணும்" என்றேன். ஸ்பிரிங்கை நான் இன்னும் தொடவில்லை. கோளாறு அப்படியே இருக்க வேண்டியிருந்தது.

சேகர் சுற்றிய லீவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புளியந்தோப்புக்குப் போனேன். நடைபாதை முழுக்கக் கட்டிவைத்த மூட்டைகள். பாதி வீடுகள் காலி. சேகர் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். நான் உயரமாக, முரடாக ஒருவனை எதிர்பார்த்திருந்தேன். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருத்து, தூக்கம் கெட்ட ஆளாக இருந்தான். செல்வி தன் வாசலுக்கு உள்ளே, வெளிச்சம் படாத இடத்தில் நின்றிருந்தாள்.

"யக்கா, உன்ன இட்டுகினு வந்ததே இவதான். நீ இவ சொல்றதத்தானே சொல்லுவ" என்றான் சேகர்.

"நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே செய்யுங்க" என்றேன்.

கோகிலா வாங்கிய அதே ஃபிலிமில் உறை பிரிக்காத ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். அவனே பிரித்தான். முகர்ந்துகூடப் பார்த்தான். எப்படிப் போடுவது என்று நான் சொல்லச் சொல்ல அவனே கேமராவில் போட்டான்.

அவனை வலது ஓரத்தில், கம்பியைப் பிடித்தபடி நிறுத்தி கோகிலா ஒரு படம் எடுத்தாள். அவனே வந்து லீவரைச் சுற்றினான். அடுத்து நான் இடது ஓரத்தில் நின்றேன். மறுபடி அவன் சுற்றினான். மறுபடி அவன் நின்றான். பன்னிரண்டும் முடியும்வரை இப்படி. அதற்குள் மீதமிருந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் நடைபாதையில் கூடிவிட்டார்கள்.

வெளிச்சம் புகாத கறுப்புத் துணிப்பைக்குள் கைகளை விட்டு ஃபிலிமைக் கழுவும் டப்பாவில் ஏற்றினேன். அவன் கண் என் கையை விட்டு அகலவில்லை. கோகிலா வீட்டுச் சமையலறைத் தொட்டியிலேயே கழுவினேன். டப்பாவைத் திறந்து ஈர நெகட்டிவைத் தூக்கினேன். இந்தக் கோளாறு எல்லா முறையும் வரும் என்று உத்தரவாதம் இல்லை. வராமல் போனால், அந்தப் பெண்ணை என் கையாலேயே தள்ளிவிட்ட மாதிரி ஆகும்.

முதல் சில படங்கள் ஒழுங்காக இருந்தன. சேகர் என்னைப் பார்த்தான். நெகட்டிவில் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நடுவில் ஓரிடத்தில் இரண்டு படங்கள் ஒன்றோடொன்று ஏறிக் கிடந்தன.

ஜன்னலுக்கு நேராகப் பிடித்து அவனிடம் காட்டினேன். போனில் படம்பிடித்துக் கறுப்பு வெள்ளையைத் திருப்பியும் காட்டினேன். என் தோளில் அவன் கை கிடந்தது.

"இது யாரு கைன்னு சொல்லுங்க" என்றேன்.

அவன் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். மோதிரம் உட்பட அப்படியே இருந்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு நிமிஷம் கழித்து அவனும் சிரித்துவிட்டான். பாரம் இறங்கிய சிரிப்பு.

"சரி வுடு செல்வி. மெஷின் பண்ண வேல. அதான் பாத்துட்டேனே" என்றான்.

செல்வி வாசலுக்கு வந்தாள். அப்போதுதான் அவள் முகத்தை நேரில் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இது தெரியாம போயிருந்தா?"

"அதான் தெரிஞ்சிட்ச்சே."

"நான் சொன்னேன். பொண்ணுங்க சொல்ச்சு. கோகிலா சொன்னா. மூணாம் மன்ச்சி ஒருத்தங்க ராயபுரத்துலேர்ந்து வந்து காட்னாத்தான் உனுக்குத் தெரியுமா?"

அவன் விரலிலிருந்த மோதிரத்தைத் திருகினான்.

"நீ கேட்டது கீழ் மாடி வரைக்கும் கேட்ச்சு" என்றாள். சத்தமே போடாமல் சொன்னாள். "தப்புன்னு சொல்றதும் அதே மாதிரி கேக்கணும். வூடு வூடா போய்ச் சொல்லு. அப்பால நான் உன்கூட வர்றதா இல்லியான்னு யோசிக்கிறேன்."

"குரூப்ல வாய்ஸ் போட்டுடறேன்."

"போன்ல வாணாம்."

நான் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவன் செய்வான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

டெம்போ வந்த நாள்

ஸ்பிரிங்கை வளைத்து இறுக்கி, உருளையைத் துடைத்து, நல்ல ஃபிலிம் போட்டுச் சோதித்து கோகிலாவிடம் கேமராவைக் கொடுத்தேன். இருக்கிறவர்களை வைத்து அவள் மறுபடி எல்லாப் படங்களையும் எடுத்தாள். கடைசி நாளன்று அவளுடைய வாசலில் அவளை எடுக்க ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன்.

காலையிலேயே டெம்போக்கள் வந்துவிட்டன. கோகிலாவை எடுத்துக்கொண்டிருக்கும்போது மேல்மாடியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. சேகர்தான். ஒவ்வொரு வாசலாக நின்றான். என்ன சொல்கிறான் என்று முதலில் கேட்கவில்லை. நாங்கள் நின்ற மாடிக்கு இறங்கி வந்தபோது கேட்டது.

"அன்னிக்கு நான் என் வூட்டுக்காரியப் பேசுனது தப்பு. படம் தப்பா வந்துச்சு, நானும் தப்பா பேசிட்டேன்."

அவ்வளவுதான். வாசலுக்கு வாசல் அதே வார்த்தைகள். சிலர் "வுடுப்பா, நைனா" என்றார்கள். ஒரு பாட்டி காது கேட்காமல் மறுபடி சொல்லச் சொன்னாள், மறுபடி சொன்னான். பாபுவின் வாசலில் அவனுக்குக் குரல் வரவில்லை. பாபு கட்டிக்கொண்டிருந்த மூட்டையை விட்டு எழுந்திருக்காமலே, "சரி போ" என்றான். சேகர் போகவில்லை. கீழே குனிந்து அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

கீழே செல்வி டெம்போவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் வந்து எதிரில் நின்றான். அவள் வாயைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கேஸ் சிலிண்டரைக் காட்டினாள். தூக்கி ஏற்றினான்.

பிறகு பிள்ளைகளை டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, செல்வியும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். முன்னால் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. சேகர் அந்தக் கதவருகே கொஞ்சம் நின்றான். அது திறக்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டான். வண்டி கிளம்பியது.